பத்துக்கு இரண்டு

பிரியமுள்ள மாமாவுக்கு,

மழை நன்றாகப் பெய்தது, பிச்சாட்டூர் ஏரி நிரம்பிவிட்டது.

தை மாதம் நம் மகள் சந்தியாவின் இதய ஸ்கேனுக்குப் பத்துக்கு ஒன்பது மார்க் என்று எழுதினேன். குவைத்தில் அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்ததாகப் பதில் போட்டீர்கள்.

அது பள்ளிக்கூட மார்க் இல்லை, மாமா. திருப்பதி ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு குழந்தையின் ஸ்கேனும் எவ்வளவு சிக்கலானது என்று அளந்து எண் போடுகிறார்கள். எண் கூடினால் கோளாறும் கூட. எழுதியபோது எனக்கே தெரியாது. தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்த அன்றுதான் உங்கள் லட்டுக் கடிதம் வந்தது. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கும்போது சொல்லி என்ன செய்வீர்கள்?

சித்திரையில் இருபத்திரண்டு நாள் திருப்பதியிலேயே இருந்தோம். அந்த மாதக் கடிதம் நாலே வரி என்று கோபித்துக்கொண்டீர்களே, அதனால்தான். நீங்கள் ஊருக்கு வந்ததும் சட்டையைத் தூக்கி நெஞ்சில் ஆபரேஷன் தையல் போட்ட கோடு ஒன்றைக் காட்டுவாள். பயந்துவிடாதீர்கள். அவளுக்கு அதில் ஒரே பெருமை.

நேற்று மறுபடியும் ஸ்கேன். முன்பு போல மருந்து கொடுத்துத் தூங்கவைக்கவில்லை. திரையைப் பார்த்து, "இன்னா சார், உள்ள மீனு துள்ளிக்கினு கீது?" என்றாள். டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கால் மணி நேரத்தில் முடிந்தது. சீட்டில் பத்துக்கு இரண்டு.

என்னைத் திட்டி எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுதுங்கள். அதற்கு முன்னால் கடைக்குப் போய் லட்டு வாங்கிக் கொடுங்கள்.

பத்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்த
உங்கள் வீட்டுக்காரி