இரண்டு பேர் மட்டும் வந்த மதியம்

மச்சான்,

ஒஸ்லோவின் ஓரத்தில் இருக்கும் இந்த மோர்டென்ஸ்ருட்டில் இன்று முதற் குளிர். பக்கத்து வீட்டார் அடுப்பில் விறகு மூட்டியிருக்கிறார்கள். யன்னலைத் திறந்ததும் புகை மணம் வந்தது. மற்றவர்களுக்கு அது இதமான மணம். நான் யன்னலைச் சாத்திவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

மன்னாரிலிருந்து வந்த நாம் இருவரும் அந்தப் பள்ளத்தாக்கு ஊரின் மர ஆலையில் ஒன்றாக வேலை செய்தோம். நான் ஒஸ்லோவுக்கு வந்துவிட்டேன். நீ அங்கேயே நின்று, ஊரின் தீயணைப்புக் குழுவில் தொண்டராகவும் சேர்ந்தாய். அழைப்புக் கருவி எப்போதும் உன் இடுப்பில் இருக்கும். உன் மகளின் ஞானஸ்நான விருந்தில், நீ சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து அது அலறியது. கைகூடக் கழுவாமல் ஓடினாய். ஞானத்தகப்பனான நான் குழந்தையோடு வாசலில் நின்றேன். கரி படிந்த முகத்தோடு திரும்பி வந்து, "என்னை வெளியாள் எண்டு பாத்த சனம், இப்ப நான் வாறனோ எண்டு றோட்டைப் பாத்து நிக்குது" என்றாய். அவ்வளவு பெருமை உனக்கு.

பிறகு ஆலை மூடியது. இளம் ஆட்கள் பட்டணம் போனார்கள், மிஞ்சியவர்களும் பகலில் தூர இடங்களில் வேலை செய்தார்கள். கருவி அலறினாலும் நிலையத்துக்கு வர ஆளில்லை. பகலுக்காவது சம்பளத்துக்கு ஆள் வைக்கும்படி கேட்க நீ ஊர்ச்சபைக்குப் போனபோது, லீவில் வந்திருந்த நானும் கூட வந்தேன். உன் உடைந்த நொர்வேஜிய மொழியை எல்லோரும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். "நல்ல யோசனை. அடுத்த வருட வரவு செலவில் பார்ப்போம்" என்றார் தலைவி.

காரில் ஏறும்போது, "ஒருநாளைக்கு நான் தனியத்தான் போய் நிப்பன் போலை கிடக்கு" என்றாய். நீ சிரிக்கவில்லை.

அந்தப் பனிக்கால மதியம் நீ முற்றிலும் தனியாக இல்லை. உன் குழுவில் இருந்த, பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். எரிந்தது தனியே இருந்த ஒரு கிழவரின் வீடு. இரண்டு பேர் மட்டும் இருந்தால் புகைக்குள் இறங்கக்கூடாது என்பது நீ மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி. அவள் உன் செத்தவீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பக்கத்து ஊர் வண்டி வரட்டும், நில் என்று கத்தினேன். உள்ளே இருமுகிற சத்தம் கேட்குது என்றான். போய்விட்டான்."

கிழவரைப் பின் யன்னலால் வெளியே தள்ளிவிட்டாய். கூரை அதற்குப் பிறகுதான் விழுந்தது. அவர் இப்போதும் இருக்கிறார், மச்சான்.

அடுத்த கூட்டத்திலேயே சபை பணம் ஒதுக்கியது. பகலுக்கு இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். நிலையத்தின் சுவரில் உன் படம் தொங்குகிறது. உன் மனைவி அந்தப் படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்று சொல்லி, இங்கே எனக்குப் பக்கத்தில் பியோர்ண்டாலில் இருக்கும் தன் தங்கையிடம் வந்துவிட்டாள். மகள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பதால் அங்கேயே நிற்கிறாள்.

போன கிழமை அவள் போன் எடுத்தாள். சபையிடம் காசு போதாதாம், இரண்டு பேரில் ஒருவரை நிறுத்தப் போகிறார்களாம். இரவுக்கும் சனி ஞாயிறுக்கும் முன்போலவே தொண்டர்கள்தானாம், அதுவும் ஆள் காணாதாம். "அதாலை நான் பேர் குடுத்திட்டன் மாமா. பயிற்சியும் முடிஞ்சுது" என்றாள்.

"ஏன் பிள்ளை?" என்று மட்டும் கேட்டேன்.

"வேறை ஆர் இருக்கினம்? அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

நேற்றுத் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வரும்போது உன் மனைவி என் பக்கம் வந்து, "பிள்ளை உங்களோடை கதைச்சவளே? எப்பிடி இருக்கிறாளாம்?" என்று கேட்டாள்.

"ஓம், கதைச்சவள். சுகமா இருக்கிறாள்" என்றேன்.