சரிகை இல்லாத சேலை

ஜூன் 14, சனி

மர பெஞ்சு வந்துவிட்டது. காரியாபட்டி ஆசாரி செய்து லோடு வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார். கைப்பிடி நான் வரைந்து கொடுத்த மாதிரியே வளைந்திருக்கிறது. வேலிக்கு வெளியே மேற்கே பார்த்துப் போட்டோம். இங்கிலாந்தில் நாங்கள் பதினாலு வருஷம் குடியிருந்த சின்ன ஊரில் வயல் ஓரமெல்லாம் இப்படி ஒன்று கிடக்கும். நடந்து வருகிறவர்கள் உட்கார்ந்து சும்மா புல்லைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இங்கே புல் ஏது? கருவேலம் இருக்கிறது, அதைப் பார்ப்போம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் நானும் என் வீட்டுக்காரர் இன்பராஜும் டீயை எடுத்துக்கொண்டு போனால் ஒரு அம்மா கட்டைப்பையோடு அதில் உட்கார்ந்திருக்கிறாள். “திருச்சுழி பஸ்ஸு இங்க நிக்கும்லக்கா?” என்றாள். நிற்காது என்றேன். அப்புறம் என்னத்துக்கு பெஞ்சு என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். இவர் சிரித்த சிரிப்பில் டீ சட்டையெல்லாம் கொட்டிவிட்டது.

ஜூன் 16, திங்கள்

அலமாரியை ஒழித்தேன். மிச்சம் வைத்தது ஏழு சேலை, நாலு சுடிதார், ஒரு கம்பளிக் கோட்டு. கோட்டு இந்த வெயிலுக்கு எதற்கு என்று இவர் கேட்டார். மார்கழிக்கு ஆகும் என்றேன். இரண்டு மார்கழி போய்விட்டது, ஒருநாள்கூடப் போடவில்லை என்பது வேறு விஷயம்.

இங்கிலாந்தில் பார்த்துக் கற்றுக்கொண்டது இதுதான். துணி கொஞ்சமாக இருக்கட்டும், நல்லதாக இருக்கட்டும். தோளில் சரியாக உட்காரணும். நிறம் கண்ணைக் குத்தக் கூடாது. கிழிந்தால் தைத்துப் போடலாம், அதில் வெட்கமில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தாத்தாவின் கோட்டை முழங்கையில் ஒட்டுப் போட்டு மாட்டிக்கொண்டு வருவார்கள். ராஜா வீட்டுப் பிள்ளைகள் போல இருப்பார்கள். நம்ம ஊரில் ஒரு விசேஷத்துக்குக் கட்டிய சேலையை அடுத்த விசேஷத்துக்குக் கட்டினால், பாவம் கஷ்டப்படுகிறார்கள் போல என்று பேச்சு.

ஏழும் சாம்பல், மண், பாசி நிறங்கள். வரிசையாகத் தொங்குவதைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

செல்வி போன் பண்ணினாள். தங்கச்செல்வி, இவருடைய ஒரே தங்கை, பாளையம்பட்டியில் இருக்கிறாள். மகள் ரோஷினிக்கு வரன் குதிர்ந்துவிட்டது. மாப்பிள்ளை விருதுநகர். வருகிற 27ஆம் தேதி நிச்சயம், ஆவணியில் கல்யாணம். இவர் தாய்மாமன், அதனால் பிறந்த வீட்டுச் சீர் எங்கள் பொறுப்பு. நிச்சயத்தன்று ரோஷினிக்கு ஒரு பட்டு, செல்விக்கு ஒரு சேலை தட்டில் வைக்க வேண்டும். செல்வி ரொம்பச் சந்தோஷமாகப் பேசினாள். பிப்ரவரியில் அவள் புருஷன், பெயின்ட் கடை பால்பாண்டி அண்ணனுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அவள் இப்படிப் பேசி நான் கேட்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மதுரையில் சேலை எடுத்தோம். ரோஷினிக்கு அவள் போட்டோ அனுப்பிக் கேட்ட பட்டு. செல்விக்கு நானே தேர்ந்தெடுத்த லினன். ஓட்ஸ் கஞ்சி நிறம், சரிகை இல்லை, ஓரத்தில் அதே நிறத்தில் மெல்லிய கோடு. தொட்டால் கை வழுக்கிக்கொண்டு போகிறது. இருபது வருஷம் ஆனாலும் பழசாகாது. இவர் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை.

உண்மையை எழுதிவிடுகிறேன். செல்விக்குப் பிடிக்குமா என்று யோசித்து எடுக்கவில்லை. அவள் மயில், மாம்பழம், ஜிகினா என்று ஒரே உடம்பில் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வருவாள். நல்லது எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்க்கட்டுமே என்றுதான் எடுத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

வேலி ஓரம் வைத்த லாவெண்டர் செடி செத்துவிட்டது. இது மூன்றாவது.

ஜூன் 28, சனி

நேற்று நிச்சயம். எழுதவே கை வரவில்லை.

மண்டபத்தில் எங்கள் சீர்த் தட்டுகளை நடுவில் வரிசையாக வைத்தார்கள். செல்வியின் சேலையை நான் காக்கித் தாளில் சுற்றி, சணல் கயிறு கட்டி, மேலே ஒரு மரிக்கொழுந்துக் கொத்து செருகியிருந்தேன். அழகாக இருந்தது, சத்தியமாக அழகாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைகள் ஒவ்வொரு தட்டாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா காக்கித் தாளைப் பிரித்துச் சேலையைத் தூக்கிப் பிடித்தார். டியூப் லைட் வெளிச்சத்தில் அது ஓட்ஸ் நிறமாகவே இல்லை. வெள்ளை. முந்தியில் ஒரு பொட்டு மஞ்சள்கூட வைக்கவில்லை நான்.

“பொறந்த வீட்ல இருந்து இதென்ன கோடியா கொண்டாந்திருக்காக?” என்றார் அந்த அம்மா. சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

கோடி. புருஷன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுபோய் அவள் மேல் போர்த்துகிற புதுச் சேலை. எனக்குத் தெரியாதா என்ன? என் அம்மாவுக்கு என் மாமா கொண்டுவந்து போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். எப்படி மறந்தேன்? புருஷன் நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்க வீட்டுக்கு, அதுவும் நிச்சயத்தன்னைக்கு — என்ன புத்தி எனக்கு. என்ன புத்தி.

செல்வி எழுந்து உள்ளே போய்விட்டாள். பால்பாண்டி அண்ணன் அவள் பின்னாலேயே போனார்.

ஜூலை 3, வியாழன்

செல்வி போனை எடுக்கவில்லை. இன்றோடு பதினொரு தடவை. தட்டுகளைத் திருப்பி அனுப்பினாள், அந்தச் சேலையும் சேர்ந்து வந்தது. இவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. நாலு நாளாகச் சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் சொல்லாமல் சாப்பிடுகிறார்.

ஜூலை 8, செவ்வாய்

சாயங்கால நடை. ஓலைத் தொப்பி, கையில் குச்சி. எதிரே வந்த பால்ச்சாமி, ஆடு காணாமல் போச்சா என்று கேட்டார். இல்லை, சும்மா நடக்கிறேன் என்றேன். சுகரா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்லத் தெம்பில்லை.

ஜூலை 21, திங்கள்

அருப்புக்கோட்டையில் டைலர் நல்லகண்ணுவிடம் ஒரு சுடிதாருக்குத் தோள் பிடிக்கக் கொடுக்கப் போனேன். நம் பக்கத்தில் தோள் தையல் தெரிந்த ஒரே ஆள் அவர். மேசை மேல் ராணிக் கலரில் ஜாக்கெட் துணி குவியலாகக் கிடந்தது, எல்லாம் ஒரே துணி. என்ன விசேஷம் என்று நானே வாயைக் கொடுத்தேன்.

பாளையம்பட்டிப் பெயின்ட் கடை வீட்டுக் கல்யாணம் என்றார். ரிசப்ஷனுக்குச் சொந்தக்காரப் பொம்பளைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி சேலையாம். கிளிப்பச்சையில் ராணிக் கலர் பார்டர். ஆடி பிறக்கும் முன்பே எடுத்து எல்லார் வீட்டுக்கும் கொடுத்தாகிவிட்டதாம், நாற்பத்தொரு சேலை. “ஒங்க ஜாக்கெட் துணி மட்டும் இன்னும் வரலியேம்மா. சீக்கிரம் குடுத்துவிடுங்க, கடைசில ஓட முடியாது” என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். சுடிதாரைக் கொடுக்க மறந்து திரும்பக் கையிலேயே கொண்டுவந்திருக்கிறேன்.

கிளிப்பச்சையில் ராணிக் கலர். வேறு சமயமாக இருந்தால் அதைக் கட்டாமல் இருக்க என்ன சாக்குச் சொல்லலாம் என்று யோசித்திருப்பேன். இப்போது அந்தச் சேலை வரவில்லையே என்று பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன்.

ஜூலை 22, செவ்வாய்

இவரிடம் கேட்டேன். செல்வி அவரிடம் பேசிவிட்டாளாம். கல்யாணத்துக்கு அண்ணன் வந்தால் போதும், சீர்த் தட்டைச் சித்தி வீட்டு மதினி தூக்கட்டும் என்றாளாம். தாய்மாமன் பொண்டாட்டி நான் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தி தட்டைத் தூக்குவது. “நீ வரலேன்னா நானும் போகல” என்றார் இவர். அவர் போகாவிட்டால் ரோஷினிக்கு மாலை எடுத்துக் கொடுக்க யார்? என்னால் ஒரு கல்யாணம் மூளியாக வேண்டாம். நீங்கள் போங்கள் என்றேன். மனசாரச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

இன்று பாளையம்பட்டி போனேன், தனியாக. டவுன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் திரும்பிவிடலாமா என்று இருந்தது.

பால்பாண்டி அண்ணன் கடையில் இருந்தார். ஆள் கொஞ்சம் இளைத்திருக்கிறார். நான் பேச்சைத் தொடங்கும் முன்பே ஸ்டூலை இழுத்துப் போட்டார். “கலரு நல்ல கலருதான் தங்கச்சி. எங்க கடைல அதுக்குப் பிரைமர்னு பேரு. மேல ஒரு கோட்டு அடிச்சுக் கொண்டாந்திருக்கணும்” என்றார். அந்த மனுஷன் சிரித்ததில் எனக்கு இன்னும் அழுகைதான் வந்தது.

வீட்டுக்குள் போனேன். செல்வி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வாங்க என்றாள், முகத்தைப் பார்க்கவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்றேன்.

“தெரியாமத்தான் செஞ்சீக மதினி. தெரிஞ்சு செஞ்சிருந்தா ரெண்டு பேச்சு பேசிட்டு விட்டுருப்பேன். அன்னைக்கு அவுக நெஞ்சுல ஸ்டென்டு வச்சு நாலு மாசந்தான் ஆயிருந்துச்சு. அது ஒங்க நெனப்புலயே இல்லையே. ஆஸ்பத்திரிக்கு எல்லாரும் ஹார்லிக்ஸு, பழம்னு வந்தாக. நீங்க செவந்திப் பூவக் கொத்தாக் கட்டிக் கொண்டாந்தீக. அன்னைக்கும் நான் ஒண்ணும் சொல்லல.”

அதையும் மறந்திருந்தேன். படுத்திருக்கிற மனுஷன் தலைமாட்டில் பூவை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இங்கிலாந்தில் நோயாளியைப் பார்க்கப் பூதான் கொண்டுபோவார்கள். இது அங்கே இல்லையே. முறத்தை வாங்கி மிச்ச அரிசியைப் புடைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

ஆடிக் காற்றில் வீட்டுக்குள் ஒரே மண். ஜன்னலுக்கு நான் தைத்துப் போட்ட வெள்ளைத் திரை காவியாகிவிட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்துவிட்டது. இவர் செல்வியிடம் பேசி, பிறந்த வீட்டுச் சேலையைத் திரும்ப எடுத்துத் தருகிறோம், நீயே வந்து எடு என்று சொல்லியிருந்தார். வருவாள் என்று நான் நம்பவில்லை. வந்தாள். அருப்புக்கோட்டைக் கடையில் பத்தரை மணிக்கு உட்கார்ந்தோம், எழுந்தபோது மணி இரண்டு.

ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவுகட்டிக்கொண்டு போயிருந்தேன். அறுபது சேலையாவது பிரித்திருப்பார்கள். நடுவில் ஒரு பழுப்புப் பச்சை வந்தது. என்ன அழகு. செல்வி அதைக் கையால் தள்ளிவிட்டாள். நான் கைகளை மடியில் கட்டிக்கொண்டேன். கடைசியில் அரக்கு நிறத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். பார்டரில் மயில், உடம்பில் மாம்பழம், முந்தியில் யானை, எல்லாம் தங்கச் சரிகை. கண்ணாடி முன் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“நல்லாருக்கா மதினி?”

ரொம்ப நல்லாருக்கு என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது பொய் என்று தெரியும், இருபத்தாறு வருஷப் பழக்கம். “எனக்குப் பிடிக்கல செல்வி. ஆனா ஒனக்கு அம்புட்டு நல்லாருக்கு” என்றேன்.

சேலை எடுத்துப் போடுகிற பையன்கூட நிமிர்ந்து பார்த்தான். செல்வி சிரித்துவிட்டாள். “இதையே பில்லு போடுங்க” என்றாள் கடைக்காரரிடம். நானே முந்தியில் மஞ்சள் வைத்து அவள் கையில் கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு வா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

இன்னும் ஒன்றும் வரவில்லை. நல்லகண்ணு கடைப் பக்கம் போகாமல் சுற்றிப் போகிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பால்பாண்டி அண்ணன் ஸ்கூட்டரில் வந்தார். இவ்வளவு தூரம் வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். டாக்டரே ஓட்டச் சொல்லிவிட்டார் என்று அளந்தார். மோர் குடித்தார். ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே கிளிப்பச்சை, ராணிக் கலர் பார்டர், தைத்த ஜாக்கெட்டோடு.

எடுத்ததே நாற்பத்தொன்று, மிச்சமே கிடையாது. இது செல்வியின் பங்கு. அவள் காலையில் முகூர்த்தத்துக்கும் சாயங்காலம் ரிசப்ஷனுக்கும் பிறந்த வீட்டு அரக்குச் சேலையையே கட்டிக்கொள்ளப் போகிறாளாம். ஜாக்கெட் அவள் அளவு. “பின்னு குத்திக்கிடச் சொல்லுச்சு. வெரசா வரச் சொல்லுச்சு. தட்டு நீங்கதான் தூக்கணுமாம்” என்றார் அண்ணன்.

போட்டுப் பார்த்தேன். அவள் உடம்பில் பாதி நான். தோள் இரண்டும் முழங்கை வரை இறங்குகிறது. பிரித்துத் தைக்க நேரம் இருக்கிறது, எனக்குத் தைக்கவும் தெரியும். தைக்கவில்லை. ஆறு ஊக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ரிசப்ஷன் போட்டோக்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. பொம்பளைகள் மட்டும் எடுத்த குரூப் போட்டோ ஒன்று. நடுவில் செல்வி அரக்கில் மின்னுகிறாள். சுற்றி மண்டபம் முழுக்கக் கிளிப்பச்சை. எந்தக் கல்யாணப் படத்திலும் என்னைக் கண்டுபிடிக்கச் சிரமமே இருந்ததில்லை. எல்லாக் கலருக்கும் நடுவில் ஒரு சாம்பல் தெரியும், அது நான். இதில் இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிசாக்கிப் பெரிசாக்கித் தேடினார். இதுதானே நீ என்று செல்வியின் ஓரகத்தியைக் காட்டினார். அடுத்து இன்னொருத்தியைக் காட்டினார்.

போனை வாங்கி நானே தேடினேன். எனக்கும் உடனே கிடைக்கவில்லை.