வேப்பம்பூ வழக்கு குறித்து நீலத்துறை அரசியாருக்கு விடுத்த ஓலை

மழை தவறாது பொழிக. எல்லைக் காவலர் கண்ணயராது இருப்பாராக. கீழ்க்கடல் தொட்டு வெண்குன்றம் வரை ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், மலைநாட்டுக் குறுநில மன்னர் அனைவரும் திறை செலுத்தும் திருவாயிலுடையவருமாகிய மரகதவடிவு நாச்சியாரின் திருவாக்கின்படி, அவர்தம் ஓலைநாயகம் காடன் தத்தன் எழுத்தாணி பிடித்து எழுதியது. நீலத்துறை நாட்டின் பட்டத்தரசியும், முத்துக்குளிப்போர் அனைவருக்கும் தாயும், எம் அரசியாருக்கு உடன்பிறந்த தங்கையுமாகிய அல்லியங்கோதை நாச்சியாரின் திருக்கையில் இவ்வோலை சேர்க. தங்கள் நாட்டில் நெல்லும் உப்பும் குறைவின்றி விளைக. தங்கள் கோட்டையும் கொடியும் நலந்தானா? தங்கள் முழங்கால் வலி நலந்தானா? இரண்டாவதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று அரசியார் அருகிலிருந்து கடிந்துகொள்கிறார்.

அரச ஓலையில் பேச்சைப் பண்படுத்தி எழுதுவதே மரபு. இவ்வோலை அம்மரபில் நில்லாது. "தத்தா, நான் சொல்றதை எல்லாம் நீ சந்தனத்துல தோய்ச்சு எழுதினா, பேசறது நான்தான்னு அவளுக்கு எப்படித் தெரியும்? சொன்னது சொன்னபடி போகட்டும்" என்பது ஆணை. ஆணைக்கு அடியேன் கட்டுப்பட்டவன், சொற்குற்றம் அடியேனுடையதன்று.

வழக்கின் பிறப்பைச் சொல்லாது வழக்கைச் சொல்லலாகாது. கடல் கடந்த வணிகர் பேசும்பளிங்கு என்னும் உள்ளங்கையளவுப் பலகையை எங்கள் துறைமுகத்தில் இறக்கத் தொடங்கி ஆண்டுகள் சில ஆயின. அதில் விரலால் எழுதினால் தொலைவிலுள்ளவர் பளிங்கில் எழுத்துத் தோன்றும். வேண்டினால் வாய்விட்டும் படித்துக் காட்டும்; தன் கண்ணெதிரே உள்ளதையும் அங்கே காட்டும். படித்தவர் மனம் மகிழ்ந்தால் ஒரு பூவைத் தட்டுவார். அது எழுதியவர் பளிங்கில் மலரும். பருவத்துக்கொரு புதுப்பளிங்கு வரும். இரட்டைக்கண் பளிங்கு வந்த மறுநாளே ஒற்றைக்கண் பளிங்குகள் சமையற்கட்டுக்குப் போயின. மூன்றுகண் பளிங்கு வந்தபோது, கப்பல் கரை சேரும்வரை பொறுக்காமல், எங்கள் சேனாதிபதி இடுப்பளவு நீரில் இறங்கி நின்றார். "போருக்குக் கூப்பிட்டா இவ்வளவு வேகம் வரலையே ஐயா" என்று அரசியார் கேட்டதற்கு, அவர் நாணவில்லை, அரசியாரின் பளிங்கைப் பார்த்து, "தேவி இன்னுமா இரட்டைக்கண் வைத்திருக்கிறீர்கள்?" என்று இரங்கினார். மறுநாள் அரண்மனைக்கும் மூன்றுகண் பளிங்கு வந்தது.

அதன்பின் அரசவைக்கு ஆள் வரவு குறைந்தது. அமைச்சர் தத்தம் இல்லத்திலிருந்தே பளிங்கில் வணங்கினர். குடிகள் முறையீட்டைப் பளிங்கில் எழுதினர். வாயில்காப்போன் வாயிலில்தான் நின்றான். அவன் கண் பளிங்கில் இருந்தது. ஒருநாள் அரியணையில் இருந்தபடி அரசியார் தும்மினார். அதைப் பளிங்கில் கண்ட நாடெங்குமிருந்து பூக்கள் வந்து குவிந்தன. "நூறு வயசு" என்று சொல்ல அந்த மண்டபத்தில் ஒரு வாய் இல்லை. அரசியார் சற்றே காத்திருந்து, தமக்குத் தாமே, "நூறு" என்று சொல்லிக்கொண்டார்.

அவருக்கிருந்த துணை தாங்கள் ஒருவரே. மலைவழி கடினம், இருவருக்கும் முழங்காலில் வலுவில்லை. ஆகவே நேரில் கண்டு நெடுங்காலம் ஆயிற்று. ஆயினும் விளக்கு வைக்கும் பொழுதில் தாங்கள் இருவரும் பளிங்கில் சண்டையிடுவது தவறியதில்லை. தங்கள் அன்னையார் சித்திரை முதல்நாள் வைத்த மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ இட்டார் என்பது தங்கள் கட்சி; இட்டதே இல்லை என்பது அரசியார் கட்சி. பிறந்த வீட்டு ஊஞ்சலிலிருந்து விழுந்து தங்கள் முன்பல் உடைந்தது அரசியார் தள்ளியதால் என்பது தங்கள் கட்சி. தாங்களே குதித்தீர்கள் என்பது அரசியார் கட்சி. தாங்கள் அவரைக் கொக்கு என்பீர்கள். அவர் தங்களைப் புளிமூட்டை என்பார். எழுதி முடித்துப் பளிங்கைத் தலையணைக்கு அடியில் வைத்தால் அரசியாருக்கு நல்ல உறக்கம் வரும்.

தை பிறந்தபின் தங்கள் மறுமொழிகள் இனித்தன. "தங்கள் சொல்லே எனக்கு ஒளி, அன்பு அக்கா" என்று வந்தது; கூடவே பூவும் வந்தது. அரசியார் முதலில் மகிழ்ந்தார். "பாரு தத்தா, அல்லிக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு" என்றார். பிறகு அவருக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

சித்திரை முதல்நாள், வேண்டுமென்றே, அன்னையார் வேப்பம்பூ இடவில்லை என்று எழுதினார். கண்ணிமைக்கும் முன்னே பதில் வந்தது: "தாங்கள் கூறுவது முற்றிலும் சரி, அக்கா. எவ்வளவு அழகிய நினைவு!" அரசியார் பளிங்கை மடியில் வைத்துக்கொண்டார். மறுபடி எழுதினார்: "நம்ம ஊஞ்சலை விறகுக்கு வெட்டப் போறேன்." பதில் வந்தது: "மிகச் சிறந்த முடிவு. இடம் விசாலமாகும்."

"தத்தா, இது அவ இல்லை" என்றார் அரசியார்.

மூன்றுகண் பளிங்கில் மறுமொழி வித்தை என்றொன்று உண்டு. உடையவர் எழுதும் பாங்கைக் கற்று, அவர் எழுதாதபோதும் தானே பதில் தரும். உடையவர் உறங்கினாலும் தரும். ஊரில் இல்லாவிடினும் தரும். இதை அடியேன் விளக்கியபோது அரசியார் ஒன்றே கேட்டார்: "ஆளே இல்லைன்னாலும் தருமா?"

தங்கள் நலம் கேட்டுத் தங்கள் அமைச்சருக்கு எழுதினோம், தூதருக்கும் எழுதினோம், அரண்மனை மருத்துவருக்கும் எழுதினோம். "அரசியார் நலம். தங்கள் அன்புக்கு நன்றி" என்று மூவரிடமிருந்தும் ஒரே சொற்கள் வந்தன, ஒரே பூவுடன். கடைசியாகத் தாங்களே எழுதியது எது, பளிங்கு எழுதத் தொடங்கியது எது என்று அரசியார் தை பிறந்தபின் வந்தவற்றை எல்லாம் படித்துக் காட்டச் சொன்னார். பிரித்தறிய இயலவில்லை. இறுதியாகக் கால் பிடித்துக்கொண்டிருந்த பணிப்பெண் வடிவிதான் தொண்டையைச் செருமினாள்.

"அம்மா, வையமாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்."

"வைவேன். சொல்லு."

"மார்கழியில நீங்க காய்ச்சல்ல கிடந்தீங்களே, அப்ப வணிகர் சொன்னாருன்னு உங்க பளிங்குல நான்தான் அந்த வித்தையைத் தட்டி விட்டேன். எல்லாரும் ஓயாம நலம் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பளிங்கே பதில் சொல்லட்டுமேன்னு விட்டுட்டேன். ஒருநாள் சின்னம்மா கேட்டாங்க: 'ஏய் கொக்கு, உசுரோட இருக்கியா? நீ இப்படி இனிக்க இனிக்கப் பேசறவளா? யாருடி நீ, என் அக்கா எங்கடி?'ன்னு."

"அதுக்கு?"

"'தங்கள் அக்கறை என் நெஞ்சை நெகிழ்விக்கிறது'ன்னு உங்க பளிங்கு சொல்லுச்சும்மா. பூ வேற போட்டுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் அங்கேருந்தும் இனிப்பாத்தாம்மா வந்துச்சு."

அரசியார் அவளை வையவில்லை. வைதிருந்தால் அடியேனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சாளரத்தைப் பார்த்தபடி, "அவ கேட்டிருக்கா தத்தா. நான்தான் இல்லை" என்று மட்டும் சொன்னார். தாங்கள் சினந்து தங்கள் பளிங்கைப் பேசவிட்டு ஒதுங்கினீர்களா, அன்றி வேறு ஏதேனும் நேர்ந்ததா என்பது இங்கு எவருக்கும் தெரியவில்லை. அன்று தொட்டு இரண்டு பளிங்குகளும் ஒன்றையொன்று வாழ்த்திக்கொண்டிருந்தன. இங்கு ஓர் அரசியார் தனித்திருந்தார்.

ஆகவே இது ஓலையாக வருகிறது. கொண்டுவரும் குதிரைவீரர் வல்லபரின் பளிங்கைக் கோட்டை வாயிலிலேயே வாங்கி வைத்துக்கொண்டோம். அமைச்சரிடமோ மருத்துவரிடமோ ஓலையைத் தாராது, தங்களைத் தம் கண்ணால் கண்டு, தங்கள் கையிலேயே தரவேண்டும் என்று அவருக்குக் கட்டளை. இதை எழுதும் இப்பொழுதும் தங்கள் பெயரில் ஒரு பூ மலர்ந்தது. அரசியார் பளிங்கின்மேல் விசிறியைக் கவிழ்த்து வைத்தார்.

இனி ஆணை. ஊஞ்சல் வெட்டப்படவில்லை, சங்கிலிக்கு எண்ணெய் இட்டு வைத்திருக்கிறது. தங்கள் மறுமொழி தங்கள் கையெழுத்தில் வருதல் வேண்டும். அதில் அருமை, அழகு, ஒளி, நெகிழ்ச்சி முதலிய சொற்கள் காணப்படின் செல்லாதெனத் தள்ளப்படும். ஒரு வசையேனும் இருந்தாலன்றி ஏற்கப்படமாட்டாது. எல்லையாற்றுத் துறையில் வளர்பிறை முழுதும் அரசியாரின் பல்லக்கு நிற்கும். எங்கள் மருத்துவர் தடுத்தார். "நீ வந்து என்கூடச் சண்டை போடுவியா?" என்று அரசியார் கேட்கவே அவர் வழிவிட்டார்.

இவ்வோலையைத் தாங்கள் அன்றிப் பிறரொருவர் பிரித்துப் படிக்க நேர்ந்திருப்பின், அவருக்கும் ஓர் ஆணை உண்டு. பளிங்கில் ஏதும் எழுதலாகாது. ஒரு மனிதர் புறப்பட்டு, ஆறு கடந்து, அரசியார் எதிரே நின்று, தம் வாயால் சொல்லவேண்டும். எத்தனை நாளானாலும் அரசியார் துறையிலேயே இருப்பார்.

குன்றும் குடையும் கொண்ட இலச்சினை இடப்பட்டது. இவ்வோலை வழிநெடுகக் காக்கப்படுக. இதைத் தடுத்தவர் வெண்குன்றத்தின் பகை. சேர்த்தவர் குலம் தழைக்க.

இலச்சினைக்குக் கீழே, அடியேன் கையிலிருந்து எழுத்தாணியை வாங்கி அரசியார் தாமே கீறியது:

அம்மா வேப்பம்பூ போடவே இல்லை. போட்டாங்கன்னா நேர்ல வந்து சொல்லுடி, புளிமூட்டை. துறையில இருக்கேன். கொக்கு.