உன் மகனின் கடிதத்தில் இல்லாதவள்

சியோல், திங்கள் காலை

தம்பிக்கு,

உன் மகன் கியூ-வொன் நீதிபதிக்கு எழுதிய வருத்தக் கடிதத்தைத் திருத்தித் தரும்படி அனுப்பியிருந்தாய். படித்தேன். எரிச்சல்தான் வருகிறது.

குழந்தைகளைச் சீரழித்து எடுத்த படங்களை வைத்திருந்தவர்களுக்கு எவ்வளவு தண்டனை தரலாம் என்ற வழிகாட்டு நெறிகளுக்காகப் பழைய தீர்ப்புகளை ஆராய்வதே இப்போது என் வேலை. தீர்ப்புக்குத் தீர்ப்பு ‘ஆழ்ந்து வருந்துகிறார்’ என்று சொல்லித் தண்டனையைக் குறைத்திருக்கிறார்கள். அந்த வருத்தத்துக்குச் சான்று, இணையத்தில் விலைக்கு வாங்கிய கடிதம்! ‘கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது’ என்ற வரி வரும்போதெல்லாம், உடன் ஆராயும் பாங் அம்மையார், “ஐயா, இவனுக்கும் அதே கண்ணாடியா? கடைக்காரன் ஒண்ணையே எல்லாருக்கும் விக்கிறான் போல!” என்பார். உன் மகனின் கடிதமும் அப்படித்தான் தொடங்குகிறது. அவரிடம் நான் காட்டவில்லை.

“அண்ணே, பையன் யாரையாவது தொட்டானா? படத்தைப் பார்த்தான், அவ்வளவுதானே. இத்தனை படிச்சிருக்கீங்க, நாலு வரி நல்லா எழுதித் தரக் கூடாதா?” என்று தொலைபேசியில் கேட்டாய். எழுதித் தராமலிருப்பது சரிதானா என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது.

கடிதத்தில் அவன் அம்மாவின் கண்ணீர் இருக்கிறது, பறிபோன வேலை இருக்கிறது. படத்தில் இருந்த சிறுமி ஒரு வரியில்கூட இல்லை. அதனால் நான் எதையும் திருத்தவில்லை. அவளைப் பற்றி அவனே எழுதட்டும். அது அவனுக்கு உதவாமலே போகலாம். இத்தகைய கடிதங்களைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்றுதான் வழிகாட்டு நெறிகளுக்கான நாளைய கூட்டத்தில் சொல்லப் போகிறேன். ஆனாலும் எழுதட்டும்.

விசாரணை நாளன்று, நீ விட்டால், உன் பக்கத்தில் வந்து உட்காருவேன்.

உன் அண்ணன்