ஸ்டேண்ட்-அப் என்றால் எழுந்து நிற்பது என்றிருந்தேன்

ஆலங்குடி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்.

அன்பு மகள் ஏஞ்சலுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் சுகம், மாடியில் காயப்போட்ட கடலையும் சுகம். புனேயில் நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய், அதனால் இந்தத் தடவை உன்னை மொத்தமாகக் கேட்கவில்லை, உன் வலது காலை மட்டும் தனியாகக் கேட்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் கேட்டால் மீட்டிங் இருக்கிறது என்கிறாய், வாய்ஸ் மெசேஜ் போட்டால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக நீயே ஒருநாள் உளறிவிட்டாய். காகிதத்தை அப்படி ஓட்ட முடியாதே, அதுதான். தபாலில் போட்டால் நாளாகும் என்று எதிர்வீட்டு ரம்யாவை இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பெரிதுபண்ணிப் பார்.

நீ வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கு ஒரே ஒரு நிம்மதி இருந்தது. காலையில் எப்போது கூப்பிட்டாலும் ஸ்டேண்ட்-அப் இருக்குப்பா, அப்புறம் பேசுறேன் என்பாய். பரவாயில்லையே, நல்ல கம்பெனி, பிள்ளைகள் உட்கார்ந்தே கிடக்கக் கூடாதென்று தினமும் எழுப்பி நிறுத்திக் கையைக் காலை ஆட்டச் சொல்கிறார்கள், பள்ளிக்கூட டிரில் மாதிரி என்று நானாக நினைத்துக்கொண்டேன். டீக்கடையில் என் கூட்டாளி உதயசூரியனிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். இந்த வாரம் போனில் ஏதோ அப்டேட் கேட்கிறது என்று ரம்யாவிடம் கொண்டுபோனேன். அவளும் உன்னைப் போலத்தான், கம்பெனி எங்கோ இருக்கிறது, வேலை கட்டில்மேல் நடக்கிறது. மாமா, கொஞ்சம் இருங்க, ஸ்டேண்ட்-அப் முடிச்சிட்டு வாரேன் என்றாள். எப்படித்தான் செய்கிறார்கள் பார்ப்போமே என்று நானும் ஆசையாக நின்றேன். அந்தப் பிள்ளை சம்மணம் போட்டபடியே நேற்று என்ன செய்தேன் இன்று என்ன செய்வேன் என்று கம்ப்யூட்டரிடம் இங்கிலீஷில் ஒப்பித்துவிட்டு மூடிவைத்துவிட்டது. எப்பம்மா எந்திரிப்பீங்க என்று கேட்டேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. பேருதான் மாமா ஸ்டேண்ட்-அப், யாரும் எந்திரிக்க மாட்டோம் என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறம் அவளைக் குடைந்துவிட்டேன், உனக்குத்தான் என்னைத் தெரியுமே. தண்ணீர் குடிக்க எழுந்தால் மேனேஜருக்குத் தெரியுமா என்று கேட்டேன். பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருக்குமாம், கொஞ்ச நேரம் கையை எடுத்தால் மஞ்சளாகிவிடுமாம், அதற்குப் பயந்தே பல பேர் நாற்காலியை விட்டு அசைவதில்லையாம். எனக்கு அதிசயமாக இருக்கிறது. நான் கண்டக்டராக ஓடிய காலத்தில் செக்கர் எந்த ஸ்டாப்பில் ஏறுவார் என்று பயம் இருந்தது, ஆனால் ஏறினால் இறங்கிவிடுவார். உன் புள்ளி இறங்குவதே இல்லையே அம்மா, ராத்திரி சாப்பிடும்போதும் பக்கத்திலேயே எரிந்துகொண்டிருக்குமா. மஞ்சளானால் என்னதான் செய்வார்கள், யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா.

போன ஞாயிறு வீடியோவில் பேசும்போது சாப்பாடு கொண்டுவந்தவர் மணி அடித்தார். நீ மேசையைப் பிடித்து எழுந்து வலது காலை இழுத்து இழுத்துக் கதவுக்குப் போனாய். கேட்டதற்கு மரத்துப் போச்சுப்பா, உக்காந்தே இருந்தேன்ல என்றாய். அம்மா கவனிக்கவில்லை. எனக்கு ஏறுகிறவர் காலைப் பார்த்து விசில் ஊதிப் பழக்கம், கண் அங்கேதான் போகும். நேற்றுப் போனில் கேட்டேன், இன்னும் லேசாக இருக்கு, ஒண்ணுமில்லை என்று வைத்துவிட்டாய். நான் பஸ்ஸில் நின்றே சம்பாதித்தவன், என் காலில் நரம்பு புடலங்காய் மாதிரி சுருண்டு கிடப்பது உனக்குத் தெரியும். நீ நாற்காலியில் சம்பாதிக்கிறாய், கால் தப்பித்தது என்று சந்தோஷப்பட்டேன். புதுக்கோட்டையில் எனக்குப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் நேற்றுச் சாயங்காலம் கேட்டேன். நின்னே இருந்தாலும் உக்காந்தே இருந்தாலும் கால்ல ரத்தம் தேங்கத்தான் செய்யும், அடிக்கடி எந்திரிச்சு நடக்கணும் என்றார். சும்மா மரத்துப்போனால் நடந்தால் சரியாகிவிடும், ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ சூடாக இருந்தாலோ ஒருநாள்கூடத் தள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள் என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது ஏஞ்சல், மறைக்காமல் சொல்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் பாட்டுக்கு வறுத்த முந்திரி பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல், சோற்றைக் கம்ப்யூட்டர் முன்னால் வைத்துச் சாப்பிடாதே என்று சொல் என்கிறாள்.

நீ பிறந்தபோது தலைக்கு முன்னால் கால்தான் வந்தது. கால் முன்னே பிறந்த பிள்ளை மிதித்தால் பிடிப்பு விடும் என்று தெருவில் யாருக்கு இடுப்புப் பிடித்தாலும் நம் வீட்டில் வந்து குப்புறப் படுத்துவிடுவார்கள், நீ மிட்டாயை முதலில் வாங்கிக்கொண்டுதான் முதுகில் ஏறுவாய். பிடிப்பு நிஜமாகவே விட்டதா, மிட்டாய் கொடுத்த வெட்கத்தில் எழுந்து போனார்களா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். தெருக்கோடி மூக்காயிக் கிழவி மட்டும் இப்போதும் கேட்கிறது, ஏஞ்சலு எப்ப வருது, இடுப்பு பிடிச்சுக் கெடக்கு என்று. ஊர் இடுப்பையெல்லாம் மிதித்துக் கொடுத்த பிள்ளை தன் காலை இழுத்துக்கொண்டு நடக்கிறது என்று அதனிடம் எப்படிச் சொல்வேன்.

பெரியவர்களுக்கு நேரே காலை நீட்டாதே என்று உன்னை அதட்டியவன் நான்தான். இன்றைக்கு அந்தச் சட்டம் இல்லை. இதைப் படித்ததும் வீடியோவில் வா. முகத்தைக் காட்ட வேண்டாம், அது எப்போதும் சிரித்துக்கொண்டேதான் இருக்கும், அதை நான் நம்புவதில்லை. போனைக் கீழே இறக்கி இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டு. இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் நான் நிம்மதியாகக் கடலை உரிக்கப் போவேன். இல்லையென்றால் அப்படியே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போ, புள்ளி மஞ்சளானால் ஆகட்டும்.

ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணிபோலக் காக்கட்டும், உன் காலையும் சேர்த்து. இதை உட்கார்ந்துதான் படித்திருப்பாய், எனக்குத் தெரியும். எழுந்திரு அம்மா.

உன் கால் வரும் வரை போனுக்குப் பக்கத்தில் நிற்கும்
அப்பா ஞானராஜ்