அறுநூறு மில்லிக்கு மேல் நீங்கள் குடிக்கவில்லை, அப்பா

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் முதல் திதி. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நாலு பேர் எதிரில்தானே உங்களைத் தலைகுனிய வைத்தேன்?

டயாலிசிஸ் சென்டரில் உங்கள் பக்கத்துக் கட்டில் சலீம் பாய் நன்றாக இருக்கிறார். இன்னும் முசிறியிலிருந்து வாரம் மூன்று நாள் பஸ்ஸில்தான் வருகிறார். போன வாரம் போன் செய்தார். "அப்பாவுக்குத் தண்ணிக் கணக்கு பாக்க போன்ல ஒண்ணு செஞ்சு குடுத்திருந்தியேம்மா, அதை எனக்கும் போட்டுக் குடு" என்றார். நீங்கள் அவரிடம் அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள் போல.

சிறுநீரகம் போனபின் டாக்டர் உங்களுக்கு ஒரு நாளைக்கு அறுநூறு மில்லிதான் என்று சொல்லிவிட்டார். காபி, கஞ்சி, மாத்திரைக்கான தண்ணீர் எல்லாம் அதற்குள். நான் சாஃப்ட்வேர்காரி ஆயிற்றே, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த ஆப்பை எழுதினேன். குடிப்பதை நீங்கள் லிட்டரில் தட்ட வேண்டும். அது கூட்டிக்கொண்டே வரும். 0.6-ஐத் தாண்டினால் உங்கள் போனில் சிவப்பு, ஆபீஸில் என் போனில் மணி.

முதல் வாரமே மணி அடித்தது. மத்தியானம் ஒரு மணிக்கு, நீங்கள் ராத்திரி வரைக்குமான தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி அதைத் தட்டிய நேரம். நான் உடனே உங்களைக் கூப்பிட்டேன்.

"சரியாத்தான் ஊத்தினேன் கலா. கோடு பாத்துத்தான் ஊத்தினேன்" என்றீர்கள்.

"அப்புறம் ஏன்ப்பா செவப்பு வருது?"

"அதான் எனக்கும் புரியல. புள்ளி ஆறுன்னுதானே காட்டுது?"

"அது முழுசாக் காட்டாதுப்பா. உள்ள கூட இருக்கும். நீங்க கொஞ்சம் சேத்து ஊத்தியிருப்பீங்க, அதையும் சேத்துத் தட்டியிருப்பீங்க."

உறையூரில் ஒரு டாக்டரிடம் முப்பது வருஷம் கம்பவுண்டராக இருந்த மனிதரிடம் இதைச் சொன்னேன். மருந்து அளக்கும்போது குனிந்து, கோட்டைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்ப்பவரிடம். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, "அந்தப் பாட்டில்லேருந்து நூறு மில்லியைக் கொட்டிடும்மா" என்றேன். அம்மா கொட்டினாள். அதன்பின் அதுவே வழக்கமாயிற்று. சிவப்பு வந்தால் நூறு மில்லி தொட்டியில்.

உங்களைச் சந்தேகப்பட எனக்கு ஒரு காரணமும் கிடைத்தது. டயாலிசிஸ் நாட்களில் மட்டும் சிவப்பு வருவதே இல்லை. சென்டரில் நர்ஸ் பார்க்கிறாள், அதனால் ஒழுங்கு. வீட்டில் கேட்க ஆளில்லை என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்த நர்ஸ் ஒருநாள் உடம்பில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று எடை பார்த்துவிட்டு, "அப்பா நல்லா கன்ட்ரோலா இருக்காருங்க" என்று என்னிடமே சொன்னாள். நான் அவளையும் நம்பவில்லை. நான் எழுதியதைத்தான் நம்பினேன்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. சித்தப்பா குடும்பத்தோடு வந்திருந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் உங்கள் போன் சிவந்தது. "இவரு சென்டர்ல நல்ல பிள்ளை சித்தப்பா, வீட்லதான் திருட்டுத் தண்ணி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். "பொய் மட்டும் சொல்லாதீங்க" என்று அம்மா ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள். நீங்கள் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனீர்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் சிவப்பு வரவில்லை.

"பாத்தீங்களா, மனசு வெச்சா முடியுதுல்ல?" என்று உங்களைப் பாராட்டினேன். என்ன கர்வம் எனக்கு.

சலீம் பாய்க்குப் போடுவதற்கு முன் சரிபார்க்கலாம் என்று உங்கள் பழைய பதிவுகளைத் திறந்தேன். நீங்கள் தட்டியது ஒவ்வொன்றும் வரிசையாக இருந்தது. காலை காபி 0.1. பத்து மணிக் கஞ்சி 0.2. மத்தியானப் பாட்டில் 0.3. சித்தப்பா வந்த நாள் வரைக்கும் இந்த அளவு ஒருநாள்கூட மாறவில்லை. கூட்டிப் பாருங்கள் அப்பா, சரியாக அறுநூறு. ஆனால் ஆப்பின் கணக்கையெல்லாம் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸ் கூட்டி வைத்திருந்தது 0.6000000000000001.

அந்தக் கடைசி ஒன்று உங்கள் உதட்டை நனைக்கக்கூடக் காணாது. ஆனால் 0.6-ஐ விட அதிகம்தானே? அதனால் சிவப்பு.

ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.333 என்று முடியாமல் போகும், எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும். நமக்கு மூன்றில் ஒன்று எப்படியோ, கம்ப்யூட்டருக்குப் பத்தில் ஒன்று அப்படி. அது இரண்டிரண்டாக எண்ணுகிற சாதி. 0.1-ஐ முழுதாக எழுத அதற்கு வராது, அதற்கு மிக நெருக்கமான வேறொரு எண்ணை வைத்துக்கொள்ளும். போனுக்குள்ளேயே ஒரு சின்னக் கோப்பாக இருக்கிற டேட்டாபேஸ் இது. அளவை வைக்கிற கட்டத்துக்கு 'டெசிமல்', அதாவது நம்மைப் போலப் பத்துப்பத்தாக எண்ணும் வகை, என்று நான் பெயர் எழுதினேன். அதுவும் சரி சரி என்று வாங்கிக்கொண்டு, தன் வழக்கப்படிதான் வைத்துக்கொண்டது.

டயாலிசிஸ் நாளில் நீங்கள் விடிந்ததும் பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்புவீர்கள், காபி வீடு திரும்பித்தான். 0.3, 0.2, 0.1. எதை முதலில் கூட்டுகிறோமோ அதைப் பொறுத்து அந்த வெட்டும் மாறும்; இந்த வரிசையில் கூட்டினால் கச்சிதமாக 0.6 வருகிறது, பச்சை. குடித்த அளவு ஒன்றுதான், முன்பின்னாகக் குடித்தீர்கள், அவ்வளவே. அதை வைத்து நான் உங்களுக்கு இரண்டு குணம் கற்பித்தேன்.

இதில் வெட்கக்கேடு என்ன தெரியுமா? இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆபீஸில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் வாரமே சொல்வேன், புள்ளி வைத்த எண்ணை இப்படி ஒப்பிடாதே, சின்ன அலகில் முழு எண்ணாக வை என்று. மில்லியில் வைத்திருந்தால் நூறும் இருநூறும் முந்நூறும் என்றைக்கும் அறுநூறுதான். வாடிக்கையாளருக்கு என்றால் நாலு முறை பார்ப்பேன். அப்பாவுக்குத்தானே என்று விட்டுவிட்டேன். அந்தப் பதிவுகளைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. நீங்கள் சொன்னபோதே பார்த்திருக்கலாமே?

சிவப்பு வந்த நாட்களை எண்ணினேன். நாற்பத்தொன்று. நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று ஐஸ்கட்டித் துண்டை வாயில் வைத்துக்கொண்டிருந்த ஆளிடமிருந்து, நாற்பத்தொரு நாள் தண்ணீரைப் பிடுங்கிக் கொட்டியிருக்கிறோம்.

சித்தப்பா வந்துபோன மறுநாளிலிருந்து பதிவு மாறியிருக்கிறது. 0.1, 0.2, 0.2. பேச்சு வாங்கக் கூடாது என்று நீங்களே நூறைக் குறைத்துக்கொண்டீர்கள். மாரடைப்பு வந்த அன்று வரைக்கும் அப்படித்தான். இதைப் பார்த்ததும் எனக்கு அழுகைகூட வரவில்லை அப்பா. எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

தண்ணீருக்கும் மாரடைப்புக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் அன்றே சொன்னார். ஆனால் அம்மா துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "வாயைக் கட்ட முடியலை அவரால, குடிச்சுக் குடிச்சே போய்ட்டாரு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று காலை வரைக்கும் அதையே நம்பிக்கொண்டிருந்தாள். சொல்லாமலேயே விட்டுவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். சொன்னால் அவளுக்கும் வலிக்குமே என்று எனக்கு நானே சாக்கு.

இன்று காலை சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, அப்பா கூடக் குடிக்கவே இல்லை. கம்ப்யூட்டர் தப்பாக் கூட்டியிருக்கு" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். "அப்போ அவரு சொன்னது நெசமா?"

"நெசம்தாம்மா. கம்ப்யூட்டர் பண்ணின தப்பு."

நறுக்கிய காயை ஓரமாக ஒதுக்கினாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்: "கொட்டுன்னு என்கிட்ட போன்ல சொன்னது கம்ப்யூட்டராடி?"



சலீம் பாய்க்கு மில்லியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். திதியன்று சித்தப்பா வருவார், அன்று சிரித்த எல்லோரும் வருவார்கள். இலை போடுவதற்கு முன் சொல்கிறேன், நீங்கள் ஒரு சொட்டும் கூடக் குடிக்கவில்லை என்று. கம்ப்யூட்டர் பெயரை எடுக்க மாட்டேன். அப்பா சொன்னார், நான் நம்பவில்லை என்று மட்டும் சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் சொல்லை நம்பாத மகள்,
கலா
ஸ்ரீரங்கம்