கொட்டாவி என்று கூப்பிட்டால்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? தைலம் தேய்க்கிறாயா? நான் நன்றாக இருக்கிறேன்.

பிறப்புச் சான்றிதழில் எழுத என் பாப்பாவுக்கு ஒரு பேர் கேட்டிருந்தாய். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் எழுதுகிறேன்.

பிறந்ததும் அழாமல் வாயைப் பிளந்தாள் என்று அவளைக் 'கொட்டாவி' என்கிறோமே, இங்கே வேலை பார்க்கும் வீட்டில் நான் வளர்க்கும் குழந்தையும் போன மாதம் பால் குடித்துவிட்டு அப்படியே வாயைப் பிளந்தான். "என் கொட்டாவி!" என்று கொஞ்சிவிட்டேன்.

முதலாளியம்மா சிரித்தார். "அட, புதுசா இருக்கே! நீயே யோசிச்சியா?"

"ஆமாம்மா" என்று பல்லைக் காட்டினேன். என் மகளுடைய பேர் என்று சொல்லியிருக்கலாம். இப்போது டிரைவர் வரைக்கும் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நான் "கொட்டாவி" என்றபோது பாப்பா தலையைக்கூடத் தூக்கவில்லை. "சிக்னல் சரியில்லடி" என்று நீ சமாளித்தாய். என் இடுப்பில் இருந்தவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அது உன் கண்ணில் படாமல் போனைத் திருப்பிக்கொண்டேன்.

நேற்று முதலாளியம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "அதுக்கென்ன, ரெண்டு பேருக்கும் இருக்கட்டுமே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாப்பாவின் சட்டை அளவை எழுது. அவன் எழுந்துவிட்டான், போகிறேன்.

பேரை நீயே வை. ஆனால் போனில் சொல்லாதே அம்மா, எழுதி அனுப்பு. இந்த வீட்டில் யார் காதிலும் அது விழ வேண்டாம்.

உன் மகள்